பப்பை மூடியது ஊர் அல்ல

"கடைசியாக நீங்கள் எப்போது அங்கே போனீர்கள்?"

எங்கள் ஊர் மண்டபத்தில் மடக்கு நாற்காலி போட்டு நடந்த கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்ததும் நாற்பது பேரும் தரையைப் பார்த்தோம். கேட்டவர் நல்ல மனிதர். ஓய்வுபெற்ற கணக்கர், சர்ச் கூரை ஒழுகினால் முதலில் உண்டியல் தூக்குகிறவர். பப் மூடி ஒன்றரை வருஷமாகிவிட்டது. அந்த இடத்தில் நாலு வீடு கட்ட டெவலப்பர் ஒருவர் மனுப் போட்டிருக்கிறார். எதிர்ப்பதா, விட்டுவிடுவதா என்று பேசத்தான் கூடியிருந்தோம். அவர் கேட்ட பிறகு பேச ஒன்றுமே இல்லாதது போல ஆகிவிட்டது. ஒருவர், போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ் என்றார். பின்வரிசையில் ஒரு பெண், குழந்தை பிறந்த பிறகு போகவே முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. செவ்வாய்க்கிழமை க்விஸ்ஸுக்குப் போய் ஒரு லைம் சோடாவை மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டிருந்த ஆள். என்னை நம்பி எந்தப் பப் பிழைக்கும்?

இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பப் வீடாக மாறும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நீங்கள் போகவில்லை, அது போய்விட்டது. கேட்கிற எல்லோரையும் குற்றவாளியாக்கிவிடுவதுதான் இதன் பலம். கூடவே இரண்டு துணைவாதங்கள் வரும்: காலம் மாறிவிட்டது; நாட்டில் வீட்டுப் பஞ்சம், நாலு குடும்பத்துக்கு வீடு கிடைத்தால் என்ன கெட்டுப்போயிற்று? பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள், கவுன்சிலர்கள், டாக்சி ஓட்டுநர்கள், என் சொந்த மைத்துனர் உட்பட எல்லோரும் இதையே சொல்கிறார்கள். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60,000 பப் இருந்தது, இன்று 45,000 பக்கம்தான் என்ற கணக்கையும் சாட்சிக்கு நிறுத்துகிறார்கள். கணக்கு சரி. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவருக்கு ஒரு வார்த்தை. சாராயக்கடை மூடினால் பெண்கள் பட்டாசு வெடிக்கிற ஊரிலிருந்து பார்த்தால், ஒரு மதுக்கூடத்துக்காக ஒருவன் ஒப்பாரி வைப்பது விநோதமாகத்தான் இருக்கும். டாஸ்மாக்கை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தப் பப்பில் மேஜைக்கடியில் நாய் படுத்திருக்கும். பத்து வயதுப் பையன் அப்பாவோடு சிப்ஸ் தின்றுகொண்டிருப்பான். சர்ச்சில் சவ அடக்கம் முடிந்தால் கூட்டம் நேரே இங்கேதான் வரும். மனைவியை இழந்த கிழவர் ஒருவர் தினமும் நாலு மணிக்கு வந்து அரைப் பைன்ட் குடித்துவிட்டு ஐந்தரைக்குப் போவார். ஒருநாள் வராவிட்டால் பப் நடத்துகிறவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். நம்மூர்த் திண்ணையும் டீக்கடை பெஞ்சும் செய்த வேலையை இங்கே செய்வது இதுதான். கடைகளும் தபால் ஆபீசும் போய்விட்ட கிராமங்களில் ஊரார் கூடிப் பேச இதைவிட்டால் வேறு கூரை கிடையாது.

கேள்விக்கு வருவோம்.

ஒரே மண்ணுக்கு இரண்டு விலை இருக்கிறது. பப்பாக விற்றால் பீரும் சாப்பாடும் வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதித்துத் தரும் என்பதை வைத்து விலை. அதே மனைக்கு வீடு கட்ட கவுன்சில் பிளானிங் அனுமதி கொடுத்துவிட்டால், அங்கே எழும்பப்போகும் வீடுகள் என்ன விலைக்குப் போகும் என்பதை வைத்து விலை. லண்டனுக்கு ரயில் போகிற தென்னிங்கிலாந்துக் கிராமங்களில் இந்த இரண்டுக்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள தூரம். காலை பத்து மணியிலிருந்து நள்ளிரவு வரை இருபது வருஷம் நின்று பீர் ஊற்றினாலும் சேராத பணம் ஒரு கையெழுத்தில் சேர்ந்துவிடும். இப்போது மனையின் சொந்தக்காரர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பப் நன்றாக ஓடினால் உங்களுக்கு லாபமா, நஷ்டமா?

நஷ்டம்தான். கவுன்சில்களின் உள்ளூர்த் திட்டங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு விதி இருக்கிறது: ஊரில் எஞ்சியிருக்கும் பப்பை வேறொன்றாக மாற்ற வேண்டுமானால் அது இனி கட்டுப்படியாகாது என்று காட்ட வேண்டும், பப்பாகவே நடத்த யாராவது வாங்குகிறார்களா என்று பெரும்பாலும் ஒரு வருஷமாவது சந்தையில் போட்டிருக்க வேண்டும். ஊரைக் காக்க வந்த விதி. ஆனால் நோயாளி செத்துவிட்டார் என்று சான்றிதழ் கொண்டுவந்தால்தான் சொத்து கிடைக்கும் என்று வாரிசிடமே சொல்லிவைத்தால் வைத்தியம் எப்படி நடக்கும்?

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பப் ஒரு கம்பெனி கைக்கு மாறியது. முதலில் வாடகை ஏறியது. பதினோரு வருஷம் நடத்திய தம்பதி போய்விட்டார்கள். அடுத்து வந்தவருக்கு நீண்டகாலக் குத்தகை கிடையாது. எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம் என்ற ஒப்பந்தம். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர் சுவருக்கு வர்ணம் அடிப்பாரா? சமையல்காரர் விலகினார், மாற்று ஆள் போடவில்லை, மதியச் சாப்பாடு நின்றது. திங்கள், செவ்வாய் விடுமுறை என்று அட்டை தொங்கியது. அதோடு எங்கள் க்விஸ் போயிற்று. தோட்டத்திலிருந்த ஊஞ்சலை, பாதுகாப்பில்லை என்று பிடுங்கினார்கள். கார் நிறுத்துமிடத்தில் பாதியை ஒரு காலையில் இரும்புத் தட்டி வைத்து அடைத்தார்கள். பஸ் நாலு மணிக்கே நின்றுவிடுகிற ஊரில் கார் நிறுத்த இடமில்லாத பப்புக்குப் பக்கத்து ஊர்க்காரன் எப்படி வருவான்? கடைசியில் வெள்ளி, சனி இரவு மட்டும் திறந்தது. பிறகு அதுவும் இல்லை.

பின்வரிசைப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். கைக்குழந்தையோடு அவள் வரக்கூடிய நேரம் மதியம் ஒன்றுதான். மதியச் சாப்பாட்டை நிறுத்தியது அவளா?

அப்புறம் 'விற்பனைக்கு' என்ற பலகை வந்தது. கேட்ட விலை, பப்பின் விலை அல்ல. நாளைக்கு வரப்போகும் வீட்டு மனையின் ஆசையையும் சேர்த்துக் கட்டிய விலை. அந்த விலைக்கு வாங்கி பீர் விற்றுப் பிழைக்க முடியாது என்பது பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்த எவருக்கும் புரியும். ஒரு வருஷம் யாரும் வாங்கவில்லை. யாரும் வாங்கவில்லை என்பது மனுவின் பின்னிணைப்பில் சான்றாக ஏறியது. மூடிக் கிடந்த கட்டடத்தில் கூரை ஒழுகி, அந்தப் பழுதுபார்ப்புச் செலவும் 'கட்டுப்படியாகாது' கணக்கில் சேர்ந்தது.

இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம்.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை விட்டுவிட்டு 'ஆள் வரவில்லை' என்று பேசுவது மோசடி. 1980களில் ஆறு பெரிய பீர் ஆலைகள் நாட்டின் பீர் உற்பத்தியில் பெரும்பகுதியையும் ஆயிரக்கணக்கான பப்புகளையும் கையில் வைத்திருந்தன. பப் நடத்துகிறவர் ஆலை தருகிற பீரைத்தான், ஆலை சொல்கிற விலைக்குத்தான் வாங்க வேண்டும். இதற்கு இங்கே 'டை' என்று பெயர். ஏகபோகத்தை உடைக்கிறோம் என்று 1989இல் தாட்சர் அரசு ஒரு ஆணை போட்டது: 2,000 பப்புக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள், மிகுதியில் பாதியை இந்தக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். ஆணை ஆலைகளுக்குத்தான். பீர் காய்ச்சாமல் பப் மட்டும் வைத்திருக்கும் கம்பெனியை அது தொடவில்லை. விளைவு? ஆலைகள் பப்புகளை மொத்தமாகக் கழற்றிவிட, அவற்றை வாங்குவதற்கென்றே புதிய கம்பெனிகள் முளைத்தன. 1991இல் தொடங்கிய என்டர்பிரைஸ் இன்ஸ், 1997இல் வந்த பஞ்ச் டேவர்ன்ஸ் என்ற இரண்டு மட்டும் சில ஆண்டுகளில் 15,000க்கும் மேற்பட்ட பப்புகளுக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டன. பழைய 'டை' அப்படியே புது முதலாளியோடு வந்தது. ஏகபோகத்தை உடைக்கப் போட்ட ஆணை இன்னொரு ஏகபோகத்துக்குத் தொட்டில் கட்டியது.

பப்புகளை வாங்கியது கடன் பணத்தில். ஒவ்வொரு கம்பெனிக்கும் நூற்றுக்கணக்கான கோடி பவுண்டு கடன். 2008இல் நிதிச்சந்தை சரிந்ததும் வட்டி கட்ட வேண்டும், கையிலிருப்பது பப், அதன் அடியில் மண். விற்க ஆரம்பித்தார்கள். ஆலைக்காரனுக்காவது தன் பீர் விற்க ஒரு பப் தேவைப்பட்டது. கடன்காரக் கம்பெனிக்கு பப் என்பது அடமானம் வைக்கிற நிலப்பத்திரம். குத்தகைக்காரர்கள் பல வருஷம் போராடி, 2014 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசையே 284க்கு 269 என்ற வாக்கில் தோற்கடித்து, 'டை'யிலிருந்து விடுபட்டுச் சந்தை வாடகை மட்டும் கொடுக்கும் உரிமையைப் பெற்றார்கள். அது 2016இல் நடைமுறைக்கு வந்தது, 500 பப்போ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு மட்டும். அதற்குள் போன பப் போனதுதான்.

மறுதரப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1967இல் குடித்துவிட்டு ஓட்டுவதற்கு அளவு வைத்தார்கள். நல்லதுதான், ஆனால் கிராமத்துப் பப்புக்கு அன்றே ஒரு அடி. 2007 ஜூலையில் உள்ளே புகைக்கத் தடை. 2008க்கும் 2013க்கும் இடையே பீர் வரி ஒவ்வொரு வருஷமும் விலைவாசியைத் தாண்டி ஏறியது. சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைக்குப் பெட்டி பெட்டியாக பீர். மின்கட்டணம். இளைஞர்கள் முன்னைப்போலக் குடிப்பதில்லை. என் மகளும் அவள் நண்பர்களும் காபிக்கடையில்தான் கூடுகிறார்கள்.

இவ்வளவும் ஒரு பப் நடத்துகிறவர் ஏன் தோற்கிறார் என்று சொல்லும். பப் ஏன் வீடாகிறது என்று சொல்லாது. ஒரு ஹோட்டல் நொடித்தால் என்ன நடக்கும்? விலை இறங்கும். இறங்கிய விலையில் இன்னொருவர் வாங்கி, வேறு மாதிரி நடத்திப் பார்ப்பார். சந்தை என்று பேசுகிறவர்கள் பெருமைப்படுவதே இந்த இறக்கத்தைச் சொல்லித்தானே? கிராமத்துப் பப்பில் இந்த இறக்கம் நடப்பதே இல்லை. கீழே வீட்டு மனை விலை முட்டுக் கொடுத்து நிற்கிறது. புதிதாகக் குறைந்த முதலோடு வந்து, வேறு சமையல், வேறு நேரம் என்று முயன்று பார்க்கக்கூடியவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார். இங்கே தீர்ப்புச் சொல்வது பீர் சந்தை அல்ல, வீட்டுச் சந்தை. பழி மட்டும் பீர் குடிக்காதவன் தலையில்.

அப்படியானால் வீடு? வீடு வேண்டாமா? வேண்டும். என் மகளுக்கே வேண்டும். பிறந்த ஊரில் அவளால் ஒரு கார் கொட்டகை கூட வாங்க முடியாது. அதனால்தான் இந்த வாதம் என்னைக் கோபப்படுத்துகிறது. இங்கே பொதுவிதி இதுதான்: பத்து வீட்டுக்குக் குறைந்த திட்டங்களிடம் மலிவு விலை வீடு எதுவும் கேட்கக்கூடாது. சில குறிப்பிட்ட கிராமப்பகுதிகளில் மட்டும் கவுன்சில் இதைவிடத் தாழ்ந்த எல்லை வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் அதில் வரவில்லை. பப் மனையில் எத்தனை வீடு அடங்கும்? மூன்று, நாலு, மிஞ்சினால் ஆறு. ஆக, ஊர்ப் பையனுக்கோ மாவட்ட நர்ஸுக்கோ ஒரு வீடுகூடத் தராத அளவாகத்தான் பப் மனைகள் அமைந்திருக்கின்றன. எங்கள் மனுவில் இருப்பவை நாலும் நாலு படுக்கையறை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கார் கொட்டகை.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். கால் நூற்றாண்டில் குறைந்த 15,000 பப்பும் வீடாகவே ஆனதாகவும், ஒவ்வொன்றிலும் நாலு வீடு எழும்பியதாகவும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். 60,000 வீடு. 2024இல் வந்த அரசு இங்கிலாந்துக்கு மட்டும், ஐந்தே வருஷத்தில் கட்டுவதாகச் சொன்னது 15 லட்சம். இருபத்தைந்து வருஷத்துப் பப்புகளைக் காவு கொடுத்துக் கிடைப்பது ஐந்து வருஷ இலக்கில் நூற்றுக்கு நாலு. வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்கப் பப்பை இடிப்பது, பசிக்கு விதைநெல்லை வறுப்பது மாதிரி. அதுவும் வயிறு நிறையாத அளவுக்கு.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கலாம். வீடாக்குவதற்கு அனுமதி எப்போதும் தேவைதான். ஆனால் 2017 மே வரை இங்கிலாந்தில் பப்பை அனுமதியே கேட்காமல் கடையாக்கலாம், அலுவலகமாக்கலாம், பெரும்பாலும் இடித்தே தள்ளலாம். முதலில் தரைமட்டமாக்கிவிட்டு, காலி மனையைக் காட்டி வீட்டுக்கு அனுமதி கேட்பது எளிது அல்லவா? லண்டன் மைடா வேலில் கார்ல்டன் டேவர்ன் என்ற 1920களின் பப்பில் அடுக்குவீடு கட்ட அனுமதி மறுக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் அது சேரப்போகும் தறுவாயில், 2015 ஏப்ரலில் ஒருநாள் இயந்திரம் வந்து இடித்துப் போட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் விடவில்லை. செங்கல் செங்கலாக முன்பிருந்தபடியே கட்டு என்றது. 2021 ஏப்ரலில் பப் மறுபடி திறந்தது. இடித்தவனே கட்டித் தந்த அந்தக் கதை நாடெங்கும் பேசப்பட்டது என்றால், மற்ற ஊர்களில் அப்படி நடப்பதில்லை என்றுதான் அர்த்தம்.

ஊரார் கையில் 2011 சட்டம் கொடுத்த ஆயுதம் ஒன்று உண்டு: பப்பை 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிவு செய்து வைக்கலாம். விற்பனைக்கு வரும்போது, வாங்க விரும்புகிறோம் என்று சொல்ல ஆறு வாரம், பணம் திரட்ட மொத்தம் ஆறு மாதம். ஆறு மாதம் கழிந்தால் சொந்தக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்; ஊருக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஸ்காட்லாந்துக் கிராமங்களுக்கு 2003 சட்டத்திலேயே முதலில் வாங்கும் உரிமை கிடைத்துவிட்டது. இங்கிலாந்துக்கு அப்படியொரு உரிமை தரும் மசோதா 2025இல்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது. எந்த விலைக்கு என்ற கேள்வி அங்கேயும் முள்ளாக நிற்கிறது.

'ஆள் வராது' என்கிறவர்களை நான் யார்க்‌ஷரின் வடக்கே ஹட்ஸ்வெல் என்ற கிராமத்துக்கு அழைக்கிறேன். சில நூறு பேர் வாழும் ஊர். அங்கிருந்த ஒரே பப்பான ஜார்ஜ் அண்ட் டிராகன் 2008இல் மூடப்பட்டது. அப்போதும் இதே பேச்சுத்தான் இருந்திருக்கும். ஊரார் பங்கு போட்டுப் பணம் திரட்டி 2010இல் வாங்கினார்கள். உள்ளேயே ஒரு சின்ன நூலகம், ஒரு கடை, பின்னால் காய்கறிப் பாத்திகள். நல்ல பீருக்காக 1971இலிருந்து போராடிவரும் கேம்ரா அமைப்பு 2016ஆம் ஆண்டுக்கான நாட்டின் சிறந்த பப்பாகத் தேர்ந்தெடுத்தது அதைத்தான். அதே ஊர், அதே ஆட்கள், அதே குளிர். எட்டு வருஷத்தில் மாறியது சொந்தக்காரர் மட்டும். கும்ப்ரியாவில் ஹெஸ்கட் நியூமார்க்கெட் ஊரார் தங்கள் ஓல்டு க்ரௌனை 2003இலேயே கூட்டுறவாக வாங்கி நடத்துகிறார்கள். லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் பப்பை அடுக்குவீடாக்க இருந்தவர் கையிலிருந்து அக்கம்பக்கத்தார் 2013இல் மீட்டார்கள்.

ஊரார் வாங்குவது சுலபம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை யார் கழிவறை கழுவுவது என்று சண்டை வரும். பணமும் ஓய்வும் உள்ளவர்கள் இருக்கும் ஊரில்தான் பங்கு விற்கும். ஏழை ஊர் என்ன செய்யும்? அதனால்தான் விலையைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறேன். பப்பைப் பப்பின் விலைக்கு மட்டுமே கேட்க வேண்டும், அந்த விலையில் ஒரு வருஷம் சந்தையில் நின்று, அப்போதும் யாரும் வராவிட்டால் வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று கவுன்சில் சொல்லலாம். வாடகைக் கணக்கைத் திறந்து காட்டு என்று கேட்கலாம். டெவலப்பர் சம்பளம் கொடுத்து எழுதி வாங்கிய கட்டுப்படி அறிக்கைக்கு எதிராக இன்னொருவரை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். அப்போது தெரியும், எத்தனை பப் ஆள் இல்லாமல் சாகிறது என்று.

கவுன்சிலின் அறிவிப்பை பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மழைநீர் இறங்கி எழுத்து நீலமாகக் கரைந்துவிட்டது. மனுவை முடிவு செய்யும் கவுன்சில் கமிட்டி கூடும்போது எதிர்ப்பவர்களுக்கு மொத்தமாக மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் மனுவையும் பின்னிணைப்புகளையும் அச்செடுத்து, கூட்டத்தில் கேள்வி கேட்ட கணக்கரிடமே கொடுத்தேன். குடிக்காதவன் பேச்சைக் கேட்க வேண்டாம், கணக்கை மட்டும் பாருங்கள் என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தபால் பெட்டி வழியாகத் திருப்பிப் போட்டிருந்தார். கடிதம் எதுவும் இல்லை. எண்பத்து மூன்று பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் பென்சில் கோடு: சந்தையில் கேட்ட விலைக்கு அடியில். ஓரத்தில் சின்ன எழுத்தில், "இதை யார் முடிவு செய்தார்கள்?" என்று எழுதி, தன் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தார்.